அம்பர் என்னும் பழுப்பு: ஒரு நிறமியின் பெயரை வேர்வரை தேடிப் பார்ப்பது எப்படி?

ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் பழுப்பு நிறக் குழாய்கள் அடுக்கிய தட்டைப் பார்த்தால், ‘ரா அம்பர்’, ‘பர்ன்ட் அம்பர்’ என்ற இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கும். ஓவியம் பயில்பவர்கள் இவற்றை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அம்பர் என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால், பெரும்பாலோர் ‘ஒரு வகைப் பழுப்பு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது நிறத்துக்கு விளக்கமே தவிர, பெயருக்கு விளக்கம் அல்ல. அந்தப் பெயர் இத்தாலியின் ஒரு நிலப்பகுதியிலிருந்து வந்ததா, நிழல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததா என்பதில், பேரகராதிகள் இன்றும் இரண்டு விடைகளையும் ஒரே பதிவில் அடுத்தடுத்து அச்சிடுகின்றன.

இத்தகைய பெயர் ஒன்றை நாமே எப்படி ஆராய்ந்து பார்ப்பது என்பதை அம்பரை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். வேலையில் பாதி அகராதியோடு மேசையில் நடக்கும். மறுபாதி அடுப்பிலும் தாளிலும் நடக்கும். இரண்டையும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிறமியின் பெயரை விளக்க முயல்பவர்கள், ஒலி ஒத்திருக்கும் ஏதாவது ஒரு சொல்லில் போய் நின்றுவிடுகிறார்கள். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, எந்த விளக்கம் பொருந்தும், எது பொருந்தாது என்பது சற்று எளிதில் விளங்கும்.

எழுத்துக்கூட்டில் தொடங்குங்கள்

தமிழில் எழுதும்போது அம்பருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மரப்பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து இறுகி, தேன் நிறத்தில் கிடைக்கும் அணிகலப் பொருளையும் நாம் ‘அம்பர்’ அல்லது ‘ஆம்பர்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களின் முதல் எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு, பிறப்பும் வேறு. பிசினைக் குறிக்கும் சொல், திமிங்கிலத்தின் உடலிலிருந்து கிடைக்கும் நறுமணப் பொருளுக்கான ‘அன்பர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தது; தமிழில் அந்த நறுமணப் பொருளை மீனம்பர் என்பார்கள். பழுப்பு மண்ணின் பெயருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஓவியச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தபோது, நான் ‘அம்பர்’ என்று மட்டும் எழுதி, விளக்கம் தராமல் விட்டுவிட்டேன். படி திருத்திய நண்பர் அதைப் பிசின் என்று எடுத்துக்கொண்டு, ‘இது மஞ்சள் வரிசையில் அல்லவா வர வேண்டும்?’ என்று ஓரத்தில் குறித்து அனுப்பினார். அவர் கேட்டது சரியான கேள்வி. அன்றிலிருந்து இந்த நிறமியை எழுதும்போதெல்லாம் முதல் இடத்திலாவது ‘அம்பர் மண்’ என்று எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆங்கிலத்துக்குள்ளும் ஒரு குழப்பம் இருக்கிறது. இதே எழுத்துக்கூட்டில், ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ஒரு மீனுக்கும் பழைய ஆங்கிலத்தில் பெயர் இருந்தது; சில விட்டில் பூச்சி வகைகளுக்கு இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. எனவே பழைய நூலொன்றில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் அதை நிறமிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், அந்த வரி மண்ணைப் பற்றிப் பேசுகிறதா, மீனைப் பற்றிப் பேசுகிறதா என்று முன்பின் வரிகளைப் படித்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

குழாயின் பின்புறத்தைப் படியுங்கள்

பெயரைத் தேடுவதற்கு முன், அந்தப் பெயர் எந்தப் பொருளின் மேல் ஒட்டியிருக்கிறது என்பது உறுதியாக வேண்டும். நல்ல குழாய்களின் பின்புறத்தில் நிறமியின் அனைத்துலகக் குறியீடு சிறிய எழுத்தில் இருக்கும். அம்பருக்கு அது ‘பிக்மென்ட் பிரவுன் 7’. சியன்னா என்ற மற்றொரு மண்ணுக்கும் இதே எண்தான். ஒரே எண்ணைக் கண்டு இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுமே இரும்பு ஆக்சைடு கலந்த களிமண்கள். அவற்றைப் பிரித்துக் காட்டுவது மாங்கனீசு ஆக்சைடின் அளவு. சியன்னாவில் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அம்பரில் சுமார் 5 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். அம்பரின் அந்தக் கருமையும், சற்றே பச்சை தட்டிய மங்கலும் மாங்கனீசு தந்தவை. பெயரில் நிழல் இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தக் கருமை தேவைப்படும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் ‘ஹ்யூ’ என்ற சொல் இருந்தாலோ, வேறு எண்கள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலோ, உள்ளே இருப்பது அந்த மண் அல்ல, அதைப் போலத் தோன்றும் கலவை என்று பொருள். பெயராராய்ச்சிக்கு அத்தகைய குழாய் உதவாது.

ஒரே பெயரைப் பல மொழிகளில் அடுக்குங்கள்

இனி ஒரு தாளை எடுத்து, இந்த நிறமிக்கு ஐரோப்பிய மொழிகள் வைத்திருக்கும் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இத்தாலியில் ‘தெர்ரா தொம்ப்ரா’. தெர்ரா என்றால் மண், ஒம்ப்ரா என்றால் நிழல். பிரெஞ்சில் ‘தேர் தோம்ப்ர்’. அங்கும் ஓம்ப்ர் என்றால் நிழல். ஸ்பானிய மொழியில் சுருக்கமாகச் ‘சோம்ப்ரா’ என்கிறார்கள்; அது நேரடியாகவே நிழலுக்கான அன்றாடச் சொல். ஜெர்மனில் ‘உம்ப்ரா’, அது லத்தீன் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. லத்தீன் உம்ப்ரா என்றால் நிழல். கிரகணப் பாடத்தில் நம் பள்ளிப் புத்தகங்கள் கருநிழல் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்குவதும் அதே லத்தீன் சொல்தான். வெயிலுக்குப் பிடிக்கும் குடைக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயரும், சிறுநிழல் என்ற பொருளில், அதே வேரிலிருந்து இத்தாலி வழியாக வந்தது.

பட்டியலை இங்கேயே நிறுத்திவிட்டால் வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும். இத்தாலியின் நடுப்பகுதியில், கடற்கரையே இல்லாத மலைப்பகுதி ஒன்றின் பெயர் உம்ப்ரியா. பெருஜியா அதன் தலைநகரம். லத்தீனில் அந்நாட்டைச் சேர்ந்த ஒரு பெண்பாற்பொருளைச் சொல்லும் பெயரடை ‘உம்ப்ரா’. மண் என்பதற்கான தெர்ரா என்ற சொல் அம்மொழியில் பெண்பால். ஆகவே ‘தெர்ரா உம்ப்ரா’ என்று எழுதினால் ‘உம்ப்ரிய மண்’ என்றும் படிக்கலாம், ‘நிழல் மண்’ என்றும் படிக்கலாம். எழுத்தில் ஒரு புள்ளி வேறுபாடுகூட இல்லை. பிரெஞ்சிலும் இதே நிலைதான், ஏனென்றால் அவர்கள் உம்ப்ரியாவை ‘ஓம்ப்ரி’ என்கிறார்கள். நிழலும் ஊரும் அங்கே ஒரே ஓசையில் தொடங்குகின்றன. குழப்பம் பிறந்த இடமே இதுதான்.

இத்தாலியில் மட்டும் சிறிது வெளிச்சம் கிடைக்கிறது. லத்தீனில் அழுத்தம் பெற்ற குறில் உகரம் இத்தாலியின் பேச்சு வழக்கில் ஒகரமாக மாறுவது இயல்பான மாற்றம். அதனால்தான் நிழல் உம்ப்ராவிலிருந்து ஒம்ப்ரா ஆயிற்று. நாட்டின் பெயரோ ஏட்டு வழக்கால் காக்கப்பட்டு உகரத்தோடே நிற்கிறது. நிறமியின் பெயரில் நாம் காண்பது ஒகரம். மேலும், சியன்னா மண்ணை அவர்கள் சியேனா நகரத்தின் பெயரை அப்படியே வைத்துச் ‘சியேனாவின் மண்’ என்று அழைக்கிறார்கள். அந்த அச்சில் வார்த்தால் இதற்கு ‘உம்ப்ரியாவின் மண்’ என்ற பெயர் வந்திருக்க வேண்டும். வழக்கில் உள்ள பெயரோ ‘நிழலின் மண்’. இதனால் நிழல் பக்கமே தராசு தாழ்கிறது என்று நான் கருதுகிறேன். ஆனால் ஊர்ப்பெயர் ஒன்று மக்கள் வாயில் பழகிய சொல்லாக உருமாறுவதும் எல்லா மொழிகளிலும் நடப்பதுதான் என்பதால், இந்த ஒரு காரணத்தால் மட்டும் மறுபக்கத்தைத் தள்ளிவிட முடியாது.

ஊர்ப்பெயரையே பிடித்துக்கொண்டு இன்னும் பின்னால் போக விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோம அறிஞர் பிளினி, உம்ப்ரியர்கள் இத்தாலியின் மிகப் பழைய குடிகளாகக் கருதப்படுவதாகச் சொல்லி, பெருமழை வெள்ளத்தில் பிழைத்தவர்கள் என்பதால் கிரேக்கர்கள் அவர்களுக்கு மழையைக் குறிக்கும் சொல்லால் பெயரிட்டதாக நம்பப்படுகிறது என்று எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் ‘ஓம்ப்ரோஸ்’ என்றால் மழை. படிக்க மிக அழகாக இருக்கும் இந்த விளக்கம், ஒலி ஒப்புமையைப் பார்த்துக் கதை புனையும் பழைய வழக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. நிழல், நாடு, மழை என்று மூன்றும் ஒரே ஓசையில் வந்து நிற்கும்போது, ஓசையைச் சான்றாகக் கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும்.

காலமும் இடமும் பொருந்துகின்றனவா?

பொருள் பழையது, பெயர் புதியது. இதை மறந்தால் ஆண்டுக்கணக்கு தவறிப் போகும். பிரான்சின் லாஸ்கோ குகையில் சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்தவர்கள் இரும்பு, மாங்கனீசு கலந்த மண்களைத்தான் பூசினார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அம்பர் என்ற சொல் எழுத்தில் தென்படுவது 16ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான். ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் ஆழ்ந்த நிழல்களைத் தீட்டத் தொடங்கிப் பழகிய காலத்தோடு இது ஒத்துப்போகிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தில், வெள்ளைச் சுவரின் மங்கலான பகுதிகள் வெள்ளீயம், அம்பர், கரிக்கறுப்பு ஆகியவற்றின் கலவையால் ஆனவை. சுவர் வெள்ளைதான், அதன் மேல் விழும் நிழல்தான் அம்பர்.

சொல் எப்படிப் புழங்கியது என்பதற்கு ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்கள் நல்ல சான்று. இரண்டும் 1600ஐ ஒட்டியவை. ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் சீலியா, ஏழைப் பெண்ணாக வேடம் போட முகத்தில் அம்பரைப் பூசிக்கொள்வதாகச் சொல்கிறாள்; அங்கே அது கையால் அள்ளக்கூடிய மண். ‘ஐந்தாம் ஹென்றி’யில், போருக்கு முந்தைய இரவில் பாசறைத் தீயின் வெளிச்சத்தில் இரு படைகளும் ஒன்றின் முகத்தை மற்றது காணும் காட்சியில், அந்தப் பெயர் வினையாகி, ‘அம்பரேறிய முகம்’ என்ற பொருளில் வருகிறது. அங்கே மண் இல்லை, ஒளியும் இருளும்தான் இருக்கின்றன. பொருளின் பெயர் மெல்ல நிறத்தின் பெயராகும் அந்தத் திருப்பத்தை இவ்விரு இடங்களிலும் பார்க்கலாம். நம் ‘காவி’ என்ற சொல்லும் இவ்வழியே நடந்திருக்கிறது. காவிக்கல் என்பது செம்மண் கல். அதில் தோய்த்த துணி காவித் துணி. பிறகு வெற்றிலை போட்டவரின் பல்லில் படிந்த கறையையும் காவி என்கிறோம், அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, நல்ல அம்பருக்கு இன்று பெயர்போன இடம் இத்தாலி அன்று, சைப்ரஸ். அத்தீவின் துரோடோஸ் மலைத்தொடர் ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியிலிருந்து பீறிட்ட வெந்நீர் ஊற்றுகள் கொண்டுவந்த இரும்பும் மாங்கனீசும் எரிமலைப் பாறைகளின் மேல் வண்டலாகப் படிந்தன. அந்த வண்டல்தான் அங்கே வெட்டியெடுக்கப்படும் அம்பர். பழைய விலைப்பட்டியல்களில் இதற்குத் ‘துருக்கி அம்பர்’ என்று பெயர், ஏனென்றால் 1571 முதல் 1878 வரை சைப்ரஸ் துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. ஒரு சரக்கின் பெயரில் ஊர் இருந்தால், அது விளைந்த ஊராகவும் இருக்கலாம், கப்பலேறிய ஊராகவும் இருக்கலாம், அதை ஆண்டவரின் ஊராகவும் இருக்கலாம். மெக்சிகோவில் தோன்றிய சௌசௌவை நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லிப் பழகியிருப்பதைப் போலத்தான் இதுவும். ஆகவே உம்ப்ரியாவைப் பற்றிப் பேசும்போதும், அங்கே இம்மண் கிடைத்தது என்பது ஒன்று, அங்கே கிடைத்ததால் இப்பெயர் வந்தது என்பது வேறொன்று. முதல் கூற்றை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவிவிட்டதாக எண்ணக் கூடாது.

மண்ணை வறுத்துப் பாருங்கள்

பெயரின் இரண்டாம் பாதி, அதாவது ‘ரா’, ‘பர்ன்ட்’ என்ற அடைமொழிகள், அகராதியைவிட அடுப்பில்தான் தெளிவாக விளங்கும். இதற்கு வேண்டியவை: இயற்கை ரா அம்பர் தூள் 50 கிராம், இனிச் சமையலுக்குப் பயன்படுத்தப்போவதில்லை என்று ஒதுக்கிய இரும்பு வாணலி, நீண்ட கைப்பிடி உள்ள இரும்புக் கரண்டி, தடித்த வெள்ளைத் தாள், முகக்கவசம். குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை வறுக்கக் கூடாது. அதிலுள்ள எண்ணெயோ பிசினோ கருகிப் புகையும். மாங்கனீசுத் தூளை மூச்சில் இழுப்பது நரம்புகளுக்குக் கேடு என்பதால், திறந்த வெளியில், காற்று முகத்துக்கு எதிராக அடிக்காத இடத்தில், குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

வறுப்பதற்கு முன் ஒரு சிட்டிகைத் தூளைத் தாளின் இடது ஓரத்தில் வைத்து, ‘0 நிமிடம்’ என்று எழுதுங்கள். வாணலியை மிதமான தீயில் நன்றாகச் சூடேற்றி, தூளைப் பரப்பி, ரவை வறுப்பதுபோல் விடாமல் கிளறுங்கள். முதலில் தூள் கட்டி உதிர்ந்து, நீர்போல் இளகி வழுக்கத் தொடங்கும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுவதால் இப்படி ஆகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் வரிசையாக வைத்து, நேரத்தைக் குறியுங்கள். பச்சை தட்டிய மங்கல் பழுப்பு, படிப்படியாகச் சிவப்பேறி, கடைசியில் வறுத்த காப்பிக் கொட்டையின் நிறத்தை நெருங்கும். வாணலியில் இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பக் கூடாது. இரும்பு ஆக்சைடு சூட்டில் கருத்துத் தெரியும். ஆறிய பின்புதான் அதன் உண்மையான நிறம் திரும்பும்.

நடந்தது இதுதான்: மண்ணிலுள்ள மஞ்சள் இரும்புக் கனிமமான கோதைட், தன் அமைப்புக்குள்ளேயே நீரைப் பிணைத்து வைத்திருக்கிறது. சுமார் 250 முதல் 300 பாகை செல்சியசில் அந்த நீர் பிரிந்துபோக, அது செந்நிற ஹெமடைட்டாக மாறுகிறது. குயவர் சூளையில் வைக்கும் பச்சைப் பானை வெளியே வரும்போது சிவந்திருப்பதும் களிமண்ணில் உள்ள இரும்பால்தான். இங்கே எதுவும் எரியவில்லை, கரியாகவில்லை, நீர் மட்டுமே வெளியேறியது. அதனால் ‘பர்ன்ட்’ என்பதை ‘எரிந்த’ என்றோ ‘கருகிய’ என்றோ தமிழாக்குவது தவறு. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ‘எரித்த’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஸ்பானியர்கள் மட்டும் ‘தொஸ்தாதா’ என்று, ரொட்டியையும் காப்பிக் கொட்டையையும் வறுப்பதற்கு உரிய சொல்லை இதற்கு வைத்திருக்கிறார்கள். அடுப்பருகே நின்று பார்த்தவர் வைத்த பெயர் அது என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவின் க்ரயோலா நிறுவனத்தின் மெழுகு வண்ணப் பெட்டியில் ‘ரா அம்பர்’ நீண்ட காலம் இருந்து, 1990இல் விலக்கப்பட்ட எட்டு நிறங்களில் ஒன்றாயிற்று. மெழுகுக் குச்சியில் வறுக்காதது, வறுத்தது என்ற வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. ஆனாலும் மண்ணின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

அடுத்த சோதனைக்கு அடுப்பு வேண்டியதில்லை, காலை வெயில் போதும். வெள்ளைத் தாளின் மேல் ஒரு வெள்ளைக் குவளையை வைத்து, அதன் நிழல் தாளில் விழும்படி சன்னலோரம் நகர்த்துங்கள். ரா அம்பரை நிறைய நீர் விட்டு இளக்கி, நிழலின் விளிம்பை ஒட்டி ஒரு பட்டை தீட்டுங்கள். அதன் கீழே வறுத்த அம்பரில் ஒரு பட்டை. அதற்கும் கீழே வறுத்த சியன்னாவில் ஒரு பட்டை. காய்ந்த பின் இரண்டடி தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். சியன்னா தாளிலிருந்து தனியே எழுந்து, செங்கல் நிறமாகக் கண்ணில் படும். வறுத்த அம்பர் மரச்சட்டம்போல் தெரியும். ரா அம்பர் மட்டும், நிழலின் நீட்சிபோலத் தாளுக்குள் அடங்கிப் படுத்திருக்கும். சிவப்பும் அல்ல, மஞ்சளும் அல்ல, சாம்பலும் அல்ல என்று சொல்லத்தக்க அதன் அடக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், ஓவியர்கள் இதை நிழலின் மண் என்று ஏற்றுக்கொண்டதில் வியப்பு இருக்காது.

எண்ணெய் வண்ணம் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆளி விதை எண்ணெயில் குழைத்த அம்பர் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். அதே எண்ணெயில் குழைத்த ‘ஐவரி பிளாக்’ என்ற கறுப்பு நிறமி பல நாள் எடுக்கும். மாங்கனீசு எண்ணெயை விரைவாக உலரச் செய்வதே இதற்குக் காரணம். ஓவியத்தின் முதல் படலத்தில் நிழல்களை வரைந்துகொண்டு, அது காய்ந்ததும் மேலே வண்ணம் ஏற்றுபவர்களுக்கு இதைவிட ஏற்ற மண் இல்லை. நிழல் என்ற பெயர் முதலில் எப்படி வந்திருந்தாலும், அது நிலைத்து நின்றதற்கு இந்த வேலைப் பொருத்தமும் காரணம் என்று கருதுகிறேன். ஆனால் கண்ணுக்குப் பொருந்துவது ஒன்று, வரலாற்றுச் சான்று வேறொன்று; இந்தச் சோதனை பெயரின் பொருளை உணர்த்துமே தவிர, பெயரின் பிறப்பை நிறுவாது.

மற்றப் பழுப்புகளில்

இதே வழியை மற்றப் பெயர்களுக்கும் கையாளலாம். சியன்னாவில் சிக்கலே இல்லை. தஸ்கனியின் சியேனா நகரத்தின் பெயர், அமியாத்தா மலைப்பகுதியில் வெட்டிய மண். வான்டைக் பிரவுன் 1599இல் பிறந்து 1641இல் மறைந்த ஓவியர் அந்தோனி வான் டைக்கின் பெயரால் வழங்குவது. பொருள் பழுப்பு நிலக்கரி கலந்த மண். மம்மி பிரவுன் என்பது பெயர் சொல்வது போலவே எகிப்தியப் பதப்படுத்திய உடல்களை அரைத்துச் செய்தது.

செப்பியாவில்தான் சற்று நிற்க வேண்டும். அது கிரேக்கத்தில் கணவாய் மீனின் பெயர். அதன் மைப்பையிலிருந்து எடுத்த பழுப்பு மைக்கு அதே பெயர் வந்தது. அதே உயிரினத்தின் ஓட்டைத்தான் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கிறார்கள். ஆனால் இன்று கடையில் வாங்கும் செப்பியாக் குழாயின் பின்புறத்தைப் படித்தால், பெரும்பாலும் பிக்மென்ட் பிரவுன் 7உம் ஒரு கறுப்பும்தான் இருக்கும்; அதாவது கணவாயின் பெயரில் அம்பர் விற்கப்படுகிறது. பழைய புகைப்படங்களின் செப்பியா நிறமும் வெள்ளியைக் கந்தகச் சேர்மமாக மாற்றியதால் வந்தது, அதில் கணவாய் கிடையாது. குழாயின் பின்புறத்தை முதலிலேயே படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தமிழில் பதிவு எழுதும்போது

தேடி முடித்ததைத் தமிழில் பதியும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, ‘நிழல் மண்’ என்று மொழிபெயர்த்துத் தலைச்சொல்லாக வைத்தால், இன்னும் தீராத வழக்கில் ஒரு பக்கத் தீர்ப்பை வாசகர் மேல் ஏற்றிவிடுகிறோம். எனவே அம்பர் மண் என்றே வைத்து, பொருளைப் பதிவுக்குள் சொல்ல வேண்டும். இரண்டாவது, ‘ரா’ என்பதற்குப் பச்சை என்பது நம் இயல்பான சொல். சூளைக்குப் போகாத செங்கல்லைப் பச்சைக்கல் என்றுதான் சொல்கிறோம். ஆனால் நிறப் பட்டியலில் ‘பச்சை அம்பர்’ என்று எழுதினால், அதைப் பச்சை நிறம் என்றே படிப்பார்கள். இம்மண்ணில் உண்மையாகவே பச்சைச் சாயல் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆகவே ‘சுடாத அம்பர்’, ‘சுட்ட அம்பர்’ என்ற இணையையே நான் பயன்படுத்துகிறேன். ‘சுட்ட’ என்பதில் செங்கல்லும் பானையும் நினைவுக்கு வருவது நமக்கு ஒரு வசதி. மூன்றாவது, நிறத்தைச் சொல்ல வெறும் ‘பழுப்பு’ போதாது. பழுத்து உதிரும் இலையைப் பழுப்பிலை என்கிறோம், நாள்பட்ட தாள் பழுப்பேறிவிட்டது என்கிறோம். இரண்டிலும் மஞ்சள் இருக்கிறது, அம்பரில் அது இல்லை. இலங்கைத் தமிழில் வழங்கும் கபிலம், மண்ணிறம் ஆகிய சொற்களையும் பதிவில் சேர்த்தால், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உள்ள வாசகருக்கு விளங்கும்.

என் குறிப்பேட்டில் பதிவு இப்படி இருக்கிறது: ‘அம்பர் மண், பெயர்ச்சொல். இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கலந்த பழுப்புக் களிமண் நிறமி, மண்ணிறம், கருங்கபிலம். இத்தாலியச் சொல் ஒம்ப்ரா, நிழல். அல்லது உம்ப்ரியா என்னும் நிலப்பகுதி. ஒகர வடிவமும் ஸ்பானிய வழக்கும் நிழலுக்குச் சார்பானவை. சுடாதது பச்சை தட்டிய மங்கல் பழுப்பு, சுட்டது செம்பழுப்பு. தேன்நிறப் பிசினான ஆம்பரிலிருந்து வேறானது.’ அதன் எதிர்ப்பக்கத்தில், 0 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை வறுத்தெடுத்த ஏழு சிட்டிகைத் தூள்களையும் பசை நீரில் குழைத்துத் தீட்டிய பட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் நேரம் குறித்து, வரிசையாக இருக்கின்றன.